கழுகு மண்டலத்தில் ஒரு பொய்க் கடிகாரம்

திருவோண நட்சத்திரத்தின் பெயரைக் கேளாதார் நம்மிடையே இலர். அது விளங்கும் கழுகு மண்டலத்தின் திசையில், ஏறக்குறைய 7 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், வெறுங் கண்ணுக்குப் புலப்படாத அண்டமொன்று உண்டு. கோடானுகோடி விண்மீன்கள் திரண்ட தொகுதியையே இங்கு அண்டம் என்கிறோம். நமது பால்வீதியும் அத்தகையதே. வானியலார் அட்டவணையில் அதன் பெயர் என்.ஜி.சி. 6814. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் இந்த அண்டம் அறிஞர் பலரை ஏமாற்றிய கதையை இவ்வாரம் நோக்குவோம்.

சில அண்டங்களின் நடுப்பகுதி அளவு மீறி ஒளிரும். அங்கே பெரும் நிறை படைத்த கருந்துளையொன்று இருக்கின்றது. அதனை நோக்கிச் சுழன்று வீழும் வாயு பேரளவிற் சூடேறி, கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு எக்ஸ் கதிர்களையும் உமிழ்கின்றது. இக்கதிர்களைப் புவியின் வளிமண்டலம் தடுத்துவிடுதலால், செய்மதிகளை மேலே அனுப்பியே அவற்றை அளத்தல் வேண்டும். அளந்தவர்கள் கண்ட புதுமை யாதெனில், அக்கதிர் நிலையாக இராது. சில மணி நேரத்துள், சிலபோது சில நிமிடத்துள், ஏறி இறங்கும்.

இதில் என்ன பெருமை என்று மாணவர் வினவலாம். தேர்த் திருவிழாவிலே நெடிய வீதி முழுதும் நிற்போர் ஒரே கணத்தில் ‘அரோகரா’ என்று முழங்குவதாகக் கொள்வோம். வீதியின் ஒரு முனையில் நிற்பவன் காதிலே அண்டையிலுள்ளோர் குரல் முன்னும், மறுமுனையிலுள்ளோர் குரல் பின்னும் விழும். ஒரு கணத்து ஒலி நீண்டொலிக்கும். வீதி குறுகியதாயின் ஒலியும் சட்டென நிற்கும். ஒளிக்கும் இதுவே நியதி. ஒரு மணி நேரத்துள் கதிர் பெரிதும் மாறுமாயின், அது எழும் இடம் ஒளி ஒரு மணி நேரத்திற் செல்லும் 108 கோடி கிலோமீற்றரிலும் மிக அகன்றதாயிருத்தல் இயலாது. ஞாயிற்றிலிருந்து வியாழனுக்கு அப்பால், சனியை எட்டுமுன் நின்றுவிடும் தூரம் அது! எந்தத் தொலைகாட்டியும் பிரித்துக் காட்டமாட்டாத சிறுமையை ஒரு கைக்கடிகாரம் அளந்துவிடுகின்றது.

பொதுவாக இவ்வேற்ற இறக்கத்துக்கு ஒழுங்கில்லை. காற்றிலாடும் அகல்விளக்குப் போன்றது. ஆனால் 1983 முதல் 1986 வரை இயங்கிய எக்சோசாற் என்னும் ஐரோப்பியச் செய்மதியின் பதிவுகளை ஆராய்ந்தோர், என்.ஜி.சி. 6814 இன் கதிர் ஏறக்குறைய 12,000 செக்கனுக்கு ஒருமுறை, அதாவது 3 மணி 20 நிமிடத்துக்கு ஒருமுறை, தவறாது ஏறி இறங்குவதாக 1989 இல் அறிவித்தனர். யப்பான் 1987 இல் அனுப்பிய கிங்காவும் அதனையே கண்டது. வானியலார் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஒன்றையொன்று சுற்றும் காலம் தெரிந்தால் நடுவிலிருப்பதன் நிறையைக் கணிக்கலாமன்றோ! கருந்துளையைச் சுற்றி ஒரு விண்மீன் ஓடுகின்றது என்றனர் சிலர். சுழலும் வாயுத் தட்டிலே சூடான புள்ளி உண்டு என்றனர் வேறு சிலர். கட்டுரைகள் பெருகின.

குறை கருவியிலே இருந்தது. அச்செய்மதிகளின் முதன்மையான கருவிகள் படம் பிடிப்பன அல்ல. முழுமதியின் வட்டத்திலும் பெரிய வானப் பகுதியிலிருந்து வரும் கதிரனைத்தையும் ஒன்றாகக் கூட்டி எண்ணுவன. யேர்மனி, அமெரிக்கா, பிரித்தானியா ஆகிய நாடுகள் சேர்ந்து 1990 இல் அனுப்பிய ரோசாற் செய்மதியோ படம் பிடிக்க வல்லது. அப்படத்திலே அண்டத்தின் அருகே, முழுமதியின் அகலத்திலும் சற்றே கூடிய தொலைவில், இன்னொரு கதிர்ப்புள்ளி தென்பட்டது. 12,000 செக்கன் ஒழுங்கு அதனுடையதே! 1993 இல் வெளியான முடிவின்படி அது நமது பால்வீதியிலேயே உள்ள ஓர் இரட்டை விண்மீன். வெண்குள்ளன் ஒன்று தன் துணையின் வாயுவைக் கவர்ந்து கொண்டிருக்கின்றது. அண்டை வீட்டுக் கடிகாரத்தின் மணியைத் தொலைதூரக் கோயில் மணியென்று எண்ணிய கதை இது.

அவ்வறிஞரை நகைத்தல் தகாது என்பது நம் கருத்து. ஒழுங்கைக் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. அது உண்மையாகவே இருந்தது, இடந்தான் வேறு. இக்கதையின் பின், அண்டங்களில் ஒழுங்கு காண்பதாகச் சொல்வோரிடம் வானியலார் கடுஞ் சான்று கேட்கலாயினர். ஒழுங்கற்ற ஏற்ற இறக்கமும் இரண்டு மூன்று சுற்றுக்கு ஒழுங்குபோலத் தோன்றி மயக்கும் என்பதையும் அவர்கள் அறிவர். ஆர்.ஈ. ஜே1034+396 என்னும் அண்டத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேர ஒழுங்கு உண்டென்று 2008 இல் வந்த செய்தி இச்சோதனைகளைத் தாங்கி நின்றது. 2018 இல் எடுத்த பதிவிலும் அது மீண்டும் தென்பட்டது. ஆயினும் எல்லாப் பதிவிலும் அது ஒரே தெளிவுடன் தோன்றுவதில்லை.

கடிகாரத்தை இழந்த என்.ஜி.சி. 6814 ஐயும் அறிஞர் கைவிடவில்லை. 2016 இல் எக்ஸ்.எம்.எம்.-நியூற்றன் செய்மதி அதனை நோக்கியபோது, கதிர் பல மணி நேரம் மங்கி மீண்டும் எழுந்தது. கருந்துளைக்கும் நமக்கும் இடையே வாயு முகிலொன்று கடந்து சென்று, கிரகணம்போல் மறைத்திருக்கின்றது. மறைக்க எடுத்த நேரத்தைக் கொண்டு, கதிர் எழும் இடத்தின் அகலத்தை மதிப்பிட்டிருக்கின்றனர். இம்முறை கதிர் வந்தது அவ்வண்டத்திலிருந்தேதான்.