நூலகம் பார்க்கவா, இருந்து படிக்கவா?

தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் பார்க்க வாற பஸ்களின் பட்டியலில் இரண்டு இடங்கள் தவறாது: யாழ் பொது நூலகம், எங்கட நயினாதீவு. அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் இருக்கிற தீவில் வளர்ந்த எங்களுக்கு ஒண்டு நல்லாத் தெரியும். வந்து பார்த்துப் போறவைக்காக ஒரு இடத்தைச் சோடிக்கிறது வேறு. அங்கேயே புழங்குறவைக்காகத் திருத்துறது வேறு.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் யாழ் பொது நூலகத்தின் மேம்பாட்டுக்கு 10 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. நல்லது. ஆனால் காசு எண்டதும் எங்கட பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது பெயின்ற், பிறகு டைல்ஸ், பிறகு பெயர்க்கல். அதனால்தான் இதைக் கதைக்க வேண்டியிருக்கு.

அந்தக் கட்டடத்தின் முகம் ஏன் முக்கியம் எண்டு எங்களுக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்து, 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கிய அட்டூழியத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்து போயின. பிறகு பழைய தோற்றத்திலேயே மீளக் கட்டித் திறந்தார்கள். எரிந்த சுவரை அப்படியே சாட்சியாக விடவேணும், வெள்ளையடித்து மறைக்கக்கூடாது எண்டவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. மீளக் கட்டவேணும் எண்டவர்களிடமும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த விவாதம் பெரும்பாலும் சுவரைப் பற்றியது. உள்ளே கதிரையில் இருக்கப்போறது ஆர் எண்ட கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

இந்த நூலகம் உருவானபோது ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதின் சாரம், நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. ஐந்தாவது, நூலகத்தை வளரும் உயிராகக் காண்கிறது. ஐந்திலும் குவிமாடம் இல்லை.

எங்கட நேரத்தைக் கணக்குப் பாருங்கோ. படகுக்குக் காத்திருந்து, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, புங்குடுதீவு, வேலணை, பண்ணை தாண்டினால்தான் ரவுண். திரும்பி வரக் கடைசிப் படகைப் பிடிக்கவேணும். கடல் குழம்பினால் அதுவும் நிச்சயமில்லை. இப்படி வாற ஏ.எல். பிள்ளைக்கும் கம்பஸ் மாணவருக்கும் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவே ஒரு நாள் போகும்.

"இப்ப எல்லாம் ஃபோனில இருக்குத்தானே?" என்பார்கள். இருக்கு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்மிய நூலகத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகை, பத்திரிகை எல்லாம் நாங்களும் வாசிக்கிறம். ஆனால் ஃபோன் மேசை தராது, வெளிச்சம் தராது, பக்கத்தில் படிக்கிற ஆளையும் தராது. ஒரே அறையில் ரீவியும் தங்கச்சியும் தையல் மெசினும் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நூலகம் எண்டால் முதலில் அமைதியான ஒரு இடம். புத்தகம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே சீமெந்து குழைக்க முதல் வாசகரைக் கேளுங்கோ. மேசைக்கு மேசை பிளக் வேணும். ஆறுதலாகப் படிக்க ஒரு கூடம், சேர்ந்து கதைத்துப் படிக்க வேறொரு அறை வேணும். படியேற முடியாதவர் பிறர் தூக்காமல் உள்ளே வரவேணும். முக்கியமாக, மாநகர சபை, பிரதேச சபை எண்டு எல்லை பிரிக்காமல், தீவில் கேட்ட புத்தகம் தீவுக்கே வரவேணும். மரக்கறியும் காஸ் சிலிண்டரும் படகில் வருகுது. புத்தகம் ஏன் வரக்கூடாது?

முகப்பைப் பழுதில்லாமல் வைத்திருங்கள். அது எங்கட நினைவு. படம் எடுக்க வாறவர் முற்றத்தில் நிண்டு எடுக்கட்டும். ஆனால் அந்த 10 கோடி எங்கே போனது எண்டு நாங்கள் உள்ளே வந்துதான் பார்ப்பம்.