பால்மாக் கட்டுப்பாடும் பசும்புல்லும்

அந்நியச் செலாவணி அருகியதனால் 2021, 2022ஆம் ஆண்டுகளில் இலங்கையில் பால்மா இறக்குமதி சுருங்கிற்று. 2022 மார்ச்சில் 400 கிராம் பொதியின் விலை 790 ரூபாவாயிற்று. இறக்குமதியை மட்டுப்படுத்தினால் உள்நாட்டுப் பால் தானே பெருகும் என்போர் உளர். தடுத்த மாத்திரத்தே பசு மிகுதியாகக் கறந்துவிடாது. அதற்குப் பசும்புல் வேண்டும். ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் லயத்தருகே பசு வளர்க்கும் தொழிலாளர் பலருக்குப் புல் வளர்க்கச் சொந்த நிலமில்லை; வீதியோரத்தில் அறுத்ததே தீவனம். பால்மா கிட்டாதபோது அவர்தம் பிள்ளைகள் வெறுந்தேநீரே பருகினர். ஆதலின், கட்டுப்பாடு விதிக்குமுன் தேயிலை நடாத தரிசில் புல்லுக்கென இடம் ஒதுக்குதலே முறையாகும்.

மரக்கறிக் கமக்காரரும் வரப்புகளில் தீவனப்புல் நடலாம், மண்ணும் அரிக்காது. நெற்கமக்காரர் வைக்கோலை எரியாது மாட்டுக்கு ஈயலாம். கைம்மாறாகச் சாணம் கிடைக்கும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது ஒரு கூடைச் சாணம் எத்துணை அருமையாயிருந்தது என்பதை உருளைக்கிழங்கு பயிரிட்டோர் மறந்திரார்.