மீனுக்கு முன்னே தண்ணீர்

வீட்டில் ஒரு மீன் தொட்டி வைக்க வேண்டும் என்று ஆசைப்படாத மாணவர்கள் குறைவு. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கனவுத் தொட்டியைப் படமாக வரைந்து பார்த்தவர்களும் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தப் படத்தில் முதலில் எதை வரைந்தீர்கள்? இரண்டு தங்கமீன், நாலு ஏஞ்சல், ஒரு ஃபைட்டர் என்று மீன்களைத்தானே? பிறகு அவற்றைச் சுற்றி ஒரு கட்டம்; கட்டத்துக்குள் அலை அலையாக நாலு கோடுகள். அதுதான் தண்ணீர்!

கடையில் நடப்பதும் இதுவே. முதலில் மீனைப் பிடித்துப்போகிறது. அதை பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் ‘எதில் விடுவது?’ என்ற கேள்வி எழுகிறது. கையில் மிஞ்சிய காசுக்கு ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் கிடைக்கிறது. பத்து நாளில் மீன் செத்து மிதக்கிறது. ‘நம் வீட்டுக்கு மீன் ராசி இல்லை’ என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. திட்டம் தலைகீழாக இருந்தது, அவ்வளவுதான். மீன் தொட்டி வைக்க நினைப்பவர் முதலில் தண்ணீரைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். அடுத்து அந்தத் தண்ணீரில் குடியேறப்போகும் செடிகளையும் நுண்ணுயிர்களையும் பற்றி. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மீனைப் பற்றி. இது என் கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்ப்போம்.

மூன்று மூச்சுக் காற்று

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் அதில் 54 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 டிகிரி செல்சியஸில், ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்திருக்க முடியும். 54 லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் ஆயிற்று.

இது எவ்வளவு சிறிய அளவு தெரியுமா? ஒன்றரை லிட்டர் காற்றில் உள்ள பிராணவாயுவும் கிட்டத்தட்ட இவ்வளவே. நாம் சும்மா உட்கார்ந்திருக்கையில் ஒரு முறை மூச்சிழுத்தால் சுமார் அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. ஆக, நம்முடைய மூன்று மூச்சுக் காற்றில் உள்ள பிராணவாயுதான் ஒரு தொட்டி முழுவதற்கும் இருப்பு! மீன், நத்தை, செடி, நுண்ணுயிர் எல்லாம் அதைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் பிராணவாயு கரைவது குறைகிறது. மீனின் தேவையோ சூட்டில் கூடுகிறது. சித்திரை வெயிலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதற்கு இதுவே காரணம்.

செலவாகும் பிராணவாயு எங்கிருந்து வந்து நிரம்புகிறது? பகலில் செடிகள் ஒளிச்சேர்க்கையால் கொஞ்சம் தருகின்றன. இரவில் அவையும் நம்மைப்போல் பிராணவாயுவைச் சுவாசிப்பவையே. நாள் முழுவதும் நம்பக்கூடிய வாசல் ஒன்றுதான் உண்டு: தண்ணீரின் மேற்பரப்பு. காற்றுப் பம்பு விடும் குமிழிகளின் பெரும்பயனும், அடித் தண்ணீரை மேலே கொண்டுவந்து காற்றைத் தொடச் செய்வதில்தான் இருக்கிறது. எனவே தொட்டியின் உயரத்தைவிட, திறந்த பரப்பு எவ்வளவு என்று கேட்பதே அறிவுடைமை.

கிண்ணம் ஏன் கூடாது?

மீன் வளர்ப்போர் நெடுங்காலமாகக் கையாளும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. வெப்பநாட்டுச் சிறு மீன்களுக்கு, முழு வளர்ச்சியில் உடல் நீளம் ஒவ்வொரு செ.மீ.க்கும் 30 சதுர செ.மீ. நீர்ப்பரப்பு வேண்டும். தங்கமீனுக்கு இதைப்போல் இரு மடங்கு.

மேலே சொன்ன தொட்டியின் பரப்பு 1,800 ச.செ.மீ. வரிக்குதிரை மீன் எனப்படும் ஜீப்ரா மீன் 4 செ.மீ. வளரும், ஒன்றுக்கு 120 ச.செ.மீ. தேவை. ஆகவே அதிகபட்சம் 15 மீன்கள். தொடக்கத்தில் பாதியோடு நிறுத்திக்கொள்வது நலம். தங்கமீன் 20 செ.மீ. வரை வளரக்கூடியது, ஒன்றுக்கு 1,200 ச.செ.மீ. தேவை. ஆகவே இதே தொட்டியில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம்.

இப்போது கிண்ணத்துக்கு வருவோம். 12 செ.மீ. விட்டமுள்ள கழுத்து வரை அதை நிரப்பினால் நீர்ப்பரப்பு 113 ச.செ.மீ.தான். ஒரு ஜீப்ரா மீனுக்குக்கூடப் போதாது! அதில்தான் இரண்டு தங்கமீன்களை விடுகிறோம்.

‘எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் தங்கமீன் ஆறு மாதமாக உயிரோடு இருக்கிறதே’ என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தங்கமீன் தாங்கும் சக்தி மிக்க பிராணி. குளிர்ந்த நீரில் பிராணவாயு தீர்ந்துபோனாலும் அது சில காலம் தாக்குப்பிடிக்கும். அப்போது உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடும் திறமை அதற்கு உண்டு. ஆனால் நல்ல இடத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய உயிர், கிண்ணத்தில் ஆறு மாதம் தாங்கியதைச் சாட்சியாகக் காட்டலாமா? தாங்குவது வேறு, வாழ்வது வேறு. இத்தாலியில் ரோம் நகராட்சி 2005-ஆம் ஆண்டு உருண்டைக் கிண்ணங்களுக்குத் தடை விதித்தது. நமக்குத் தடை வேண்டாம். கணக்குத் தெரிந்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்

இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர் இருந்தார். அவர் இரண்டு சிறு தங்கமீன்களை வாலிஸ்நேரியாச் செடிகளுடன் ஒரு கண்ணாடிக் கலத்தில் வைத்துப் பார்த்தார். செடியின் இலைகள் அழுகித் தண்ணீரைக் கெடுத்தன. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அழுகியதை நத்தை தின்றது, தண்ணீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி வாழ முடியும் என்று 1850-இல் அவர் எழுதினார். இன்றைய மீன் தொட்டிகளுக்கு அது ஒரு தொடக்கம்.

வாரிங்டன் எண்ணாத நாலாவது குடித்தனம் ஒன்றும் அந்தக் கலத்தில் இருந்தது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. சூடும் காரத்தன்மையும் மிகுந்த நீரில் இன்னும் கொடிய நஞ்சு. மணலிலும் கண்ணாடியிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறு சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டு அவ்வளவு தீங்கானதன்று. செடிகளுக்கு அது உரம். இந்த வேலையைச் செய்வது தனி வகை நுண்ணுயிர்களே என்பதை ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டு வாக்கில் நிறுவினார்.

புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீன்களைக் கொட்டினால் அவை தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சாகும். ‘பத்து நாளில் மிதந்த’ மீனின் கதை பெரும்பாலும் இதுதான்.

ஆகவே தொட்டியில் கழுவிய மணலும் தண்ணீரும் ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் மட்டும் முதலில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் கிடைத்தால் அதுவே உறைமோர். மீனே இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. ஆறு வாரம் கழித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று கடையில் கிடைக்கும் சோதனைப் பொருள்களால் உறுதி செய்துகொண்டு, இரண்டு மூன்று மீன்களை மட்டும் விடுங்கள்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் தொட்டியைக் காலி செய்து, மணலைச் சோப்புப் போட்டுக் கழுவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இதைச் சுத்தம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது வேலைக்காரர்களையெல்லாம் கொன்றுவிட்டு வேலையை எதிர்பார்ப்பது. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும்.

செலவு அதிகமா?

‘இதெல்லாம் பணக்காரர்களுக்கு’ என்று ஒதுங்க வேண்டாம். கொல்லைப்புறம் இருக்கிறதா? கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை ஒன்றின் அடியைப் பூசி அடைத்தால் அருமையான மீன் குளம் ஆயிற்று. 90 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. ஆழமும் இருந்தால் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். நீர்ப்பரப்பு 6,300 ச.செ.மீ.க்கு மேல், கண்ணாடித் தொட்டியைவிட மூன்றரை மடங்கு!

புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கித் தண்ணீரில் காரத்தன்மையைக் கூட்டும். எனவே சில வாரங்கள் தண்ணீரை நிரப்பி நிரப்பி இறைத்துவிட வேண்டும். உச்சி வெயில் படாத இடமாகப் பாருங்கள். தவழும் குழந்தைகள் உள்ள வீட்டில் மேலே கம்பி வலை அவசியம். மாடியில் வைப்பதானால் கட்டடம் தெரிந்தவரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். 250 லிட்டர் தண்ணீர் என்றால் 250 கிலோ எடை.

எந்த மீன்? எங்கே விடக்கூடாது?

இப்போதுதான் மீனின் முறை. நம் நாட்டு மீன்களை முதலில் பாருங்கள் என்பேன். உலகத்து ஆய்வுக்கூடங்களிலெல்லாம் வளர்க்கப்படும் ஜீப்ரா மீன், கங்கைச் சமவெளி ஓடைகளில் பிறந்த மீன்தான். 1822-இல் ஹாமில்டன் என்பவர் அதை முதலில் விவரித்து எழுதினார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஆரஞ்சு குரோமைடில் தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுகளைக் காப்பதைப் பார்க்கலாம். கொல்லைக் குளத்துக்கு ஏற்றது, தலையுச்சியில் வெள்ளிப்பொட்டு மின்னும் சிறு மீன். கேரளத்தில் அதை ‘மானத்துக்கண்ணி’ என்பார்கள். கொசுப்புழுக்களை அது விரும்பித் தின்னும்.

நம் நாட்டு மீன் என்றாலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா? மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டுமே வாழும் ‘மிஸ் கேரளா’ மீன், அழகுக்காகப் பிடித்துப் பிடித்தே அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

தொட்டிக்குள் சாகும் மீனைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அலுத்துப்போனாலோ பெரிதாகிவிட்டாலோ மீனைக் கொண்டுபோய் ஏரியில் விடுகிறார்கள். இரக்கத்தால் செய்வதுதான்; விளைவோ கொடுமை. ‘டேங்க் கிளீனர்’ என்று விரல் நீளத்தில் விற்கப்படும் தென்னமெரிக்க மீன் அரை மீட்டர் வரை வளரும். உடலெல்லாம் எலும்புக் கவசம். கரையைக் குடைந்து முட்டையிடும், வலையைக் கிழிக்கும். இன்று தமிழகம், கேரளம், ஆந்திரம் என்று பல இடங்களின் நீர்நிலைகளில் அது பரவிவிட்டது. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரளத்து ஆறுகளில் அமேசானின் அராபைமா மீன்கூடக் கிடைத்தது. எனவே கடையில் வாங்கிய எந்த மீனையும் ஏரி, குளம், கால்வாய், ஆறு எதிலும் விடாதீர்கள். வேண்டாமென்றால் கடைக்கோ நண்பருக்கோ பள்ளித் தொட்டிக்கோ கொடுங்கள். ஐப்பசி அடைமழையில் கொல்லைக் குளம் வழிந்து மீன் சாக்கடைக்குள் போகாதபடி வழிவாய்க்கு வலை கட்டுங்கள்.

இப்படியெல்லாம் சொன்னால் மீன் விற்பவர்களின் பிழைப்பு கெடாதா? கெடாது. சென்னை கொளத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வண்ணமீன் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. வாங்கிய மீன் இரண்டு முறை செத்தால் மூன்றாம் முறை யாரும் கடைக்கு வருவதில்லை. மீன் நன்றாக வாழ்ந்தால்தான் வளர்ப்பவரும் திரும்ப வருவார்.

கனவுத் தொட்டியின் படத்தை இன்று மறுபடி வரையுங்கள். நீளம், அகலம், நீர்ப்பரப்பு, லிட்டர், எடை, வெயில் வரும் திசை ஆகியவற்றை முதலில் குறியுங்கள். பிறகு மணலும் செடியும். பிறகு நாட்காட்டியில் ஆறு வாரம். கடைசி வரியில், எத்தனை மீன் என்ற எண். நீங்கள் ஆசைப்பட்டதைவிட அந்த எண் சிறியதாகத்தான் இருக்கும். அந்தச் சிறிய எண்ணை ஏற்றுக்கொண்டு தொடங்குங்கள். அடுத்த ஆண்டு முழுத்தேர்வு முடியும்போதும் அதே மீன்கள் உங்கள் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும்.