640 ரூபாய் நஷ்டம்

எங்கள் காலேஜ் தொழில்முனைவோர் கிளப்பில் மூன்று வருஷமாக நான் பார்த்ததெல்லாம் பவர்பாயின்ட்தான். அதுக்கு சர்டிபிகேட் வேற! ஆனால் கல்ச்சுரல்ஸில் நாங்கள் போட்ட எலுமிச்சை ஜூஸ் கடையில் ஒரே நாளில் 640 ரூபாய் நஷ்டம். ஐஸுக்கும் டம்ளருக்கும் ஆன காசை விலையில் சேர்க்கவே இல்லை. நண்பர்கள் வேறு கடன் சொல்லிக் குடித்துவிட்டுப் போனார்கள். அடக்கவிலை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அமெரிக்காவில் பாப்சன் கல்லூரி 1990களிலேயே முதலாண்டு மாணவர்களுக்குக் கடன் கொடுத்து நிஜமான தொழில் நடத்தச் சொன்னது. கடைசியில் கடனைத் திருப்பிவிட வேண்டும், லாபம் தொண்டுக்கு.

நம் கிளப்பின் கெஸ்ட் லெக்சர் செலவில் (பொன்னாடை உட்பட) பாதியை இப்படிக் கடனாகக் கொடுத்தால் என்ன? திரும்பி வராமலும் போகலாம். போகட்டுமே.

ஜூஸ் பாக்கி வைத்த நாலு பேரும் இதைப் படிக்கிறீங்கதானே மக்கா?