ஈரம் இங்கே, ஓட்டை எங்கே?

மழைக்காலத்தில் காருக்குள் நீர் தேங்கினால் துணியால் துடைத்து அமைதியடைகிறோம். அடுத்த மழையில் மீண்டும் ஈரம். தேங்குமிடம் வேறு, நுழையுமிடம் வேறு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் ஈரத்தின் தன்மையை ஆராய்க. மழையின்றி, குளிர்சாதனம் ஓடியபின் முன்னிருக்கைக் காலடியில் தெளிந்த நீர் நின்றால், அதன் வடிகுழாய் அடைபட்டிருக்கலாம். ஈரம் பிசுபிசுத்து இனிய மணம் வீசினால், அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமாகலாம், அது நஞ்சு. குழந்தைகளை விலக்கி, பணிமனைக்குச் செல்க. மழைக்குப்பின் மட்டும் நனைந்தால், முன்கண்ணாடியடியிலுள்ள நீர்வழியில் சருகு அடைத்துள்ளதா, ரப்பர் பட்டைகள் வெடித்துள்ளனவா என நோக்குக. கதவுகளின் அடிவிளிம்பிலுள்ள துளைகளை ஓட்டையென்றெண்ணி அடைத்துவிடலாகாது. அவை நீர் வெளியேறவே அமைந்தவை. மண்ணை மட்டும் நீக்குக.

அப்போதும் புலப்படாவிடில், விரிப்பை அகற்றி ஒருவர் கைவிளக்குடன் உள்ளே அமர, மற்றவர் வெளியே கீழிருந்து மேலாக மெல்ல நீர் வார்க்கட்டும். முதல் துளி உள்ளே தோன்றும்போது நீர் படும் இடத்தருகே தேடுக. ஓட்டையை அடைத்தபின் விரிப்பை வெயிலில் நன்கு உலர்த்துக; இன்றேல் தகடு துருப்பிடிக்கும், பூஞ்சை படரும்.

இல்லத்துப் பூசலும் இவ்வாறே. உணவு வேளையில் வெடிக்கும் சினம் பெரும்பாலும் அங்கே பிறந்ததன்று. மாலைச் செபம் முடிந்தபின், அது எங்கே நுழைந்ததென்று பொறுமையோடு ஒருவரையொருவர் கேட்போமாக.