காவல்காரனைக் கொல்லும் கிருமி

வீட்டுக்குள் புகும் திருடன் முதலில் என்ன செய்கிறான்? விளக்கை அணைக்கிறான், காவல்காரன் விழித்திருந்தால் அவனைத் தீர்த்துக் கட்டுகிறான். கண்ணுக்குத் தெரியாத வைரஸ் கிருமியின் தந்திரமும் இதுவேதான்.

மனித உயிரணுவுக்குள் பி-53 என்றொரு புரதம் உண்டு. 1979-ல் கண்டறியப்பட்ட இப்புரதமே உயிரணுவின் காவல்காரன். உயிரணுவின் மரபுப் பொருளில் சேதம் நேர்ந்தால், அது மேலும் பெருகாதபடி தடுத்து நிறுத்தும். சேதம் எல்லை மீறினால், அந்த உயிரணுவையே மாய்ந்து போகச் செய்யும். இவ்வளவு கண்டிப்பான காவல் இருக்கும்போது புற்றுநோய் எப்படி உள்ளே நுழைகிறது?

கைக்கூலி பெற்ற சிப்பந்தி

பாப்பிலோமா என்ற வைரஸின் சில வகைகள் இதற்கு வழி செய்கின்றன. உள்ளே புகுந்ததும் ஈ-6 என்னும் தமது புரதத்தை அவை உற்பத்தி செய்கின்றன. அது காவல்காரனை நேரில் தாக்குவதில்லை. பழுதடைந்த புரதங்களின் மீது 'அகற்றுக' என்று சீட்டு ஒட்டும் சிப்பந்திகள் உயிரணுவுக்குள் உண்டு. அவர்களில் ஒருவனை ஈ-6 கைக்குள் போட்டுக்கொள்கிறது. அவனைக் கொண்டே, யாதொரு பழுதும் இல்லாத பி-53-ன் மீது சீட்டை ஒட்டச் செய்கிறது. பிறகென்ன? உயிரணுவின் குப்பை இயந்திரம் காவல்காரனை அரைத்துத் தள்ளிவிடுகிறது! ஈ-7 என்ற மற்றொரு புரதம், உயிரணுப் பெருக்கத்துக்குத் தடைபோடும் ஆர்.பி. புரதத்தை முடக்குகிறது. காவலும் போய்த் தடையும் போனால் கேட்பானேன்?

1951-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற 31 வயதுத் தாய் கருப்பைவாய்ப் புற்றுநோயால் மாண்டார். அவருடைய புற்று அணுக்கள் உலகத்து ஆராய்ச்சிச் சாலைகளில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பாப்பிலோமாவின் 18-ம் வகை குடியிருப்பது 1980-களில் தெரியவந்தது. இந்நோய்க்கு இவ்வைரஸே காரணம் என்று காட்டிய ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஊசி ஏன் இளவயதில்?

"ஓடியாடும் குழந்தைக்கு, நாற்பது வயதில் வரக்கூடிய நோய்க்காக இப்போதே ஊசியா?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. மேற்சொன்ன கதையிலேயே அதற்கு விடை இருக்கிறது. தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி, வைரஸை வாசலிலேயே மறித்துப் பிடிக்கும். அது உயிரணுவுக்குள் குடியேறிக் காவலை அழிக்கத் தொடங்கிவிட்டால், இந்த ஊசியால் அதை வெளியேற்ற முடியாது. எனவேதான் 9 முதல் 14 வயதுக்குள் போடவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது.

ஊசியில் வைரஸ் இல்லை. அதன் மேலோட்டுப் புரதம் மட்டுமே உண்டு. ஆஸ்திரேலியாவில் இயன் ஃபிரேசரும் ஜியான் ஜோவும் 1991-ல் கண்ட வழி இது. வெறும் ஓட்டுக்கு நோயுண்டாக்கும் சக்தி ஏது? 2020-ல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியில், 17 வயதுக்குமுன் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடையே இப்புற்றுநோய் 88 சதவிகிதம் குறைந்திருந்தது.

2022-ல் உலகெங்கும் சுமார் மூன்றரை லட்சம் பெண்கள் இந்நோய்க்குப் பலியானார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்தியப் பெண். அதே ஆண்டில் இந்தியாவிலேயே தயாரான தடுப்பூசிக்கும் அனுமதி கிடைத்தது. மருந்து இல்லை என்ற குறை இனி இல்லை. குறை நம் கூச்சத்தில்தான் இருக்கிறது. கருப்பை என்றதும் பேச்சை மாற்றும் வழக்கம் எத்தனை தாய்மார்களை வாய்திறவாமலே மாளச் செய்திருக்கிறது!

தொற்றுக்கு ஆளானவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் வைரஸைத் தானே விரட்டிவிடும். எஞ்சியவர்களுக்கும் நோய் முற்றப் பல ஆண்டுகள் பிடிப்பதால், பரிசோதனையில் முன்னதாகவே கண்டுபிடிக்கலாம். முப்பதைத் தாண்டிய பெண்கள், ஊசி போட்டவர்களாயினும், பரிசோதனையைத் தள்ளிப் போடலாகாது.

மகளின் கல்யாணத்துக்காக அவள் தொட்டிலில் கிடக்கும்போதே பொன் சேர்க்கிறோம். அந்தப் பொன்னை அணிந்து அவள் நெடுங்காலம் வாழவேண்டாமா? காவல்காரன் உயிரோடிருக்கும்போதே கதவைத் தாழிடுவதுதான் புத்திசாலித்தனம்.