முதுமைக்கு மருந்தா நோன்பு?

ரமளான் நெருங்கும்போதெல்லாம் ஒரு பேச்சு நம் செவிகளில் தவறாமல் விழுகின்றது. ஜப்பானிய அறிஞர் ஒருவர் நோன்பின் மகிமையைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்றாராம். பட்டினி கிடந்தால் பழுதுற்ற உயிரணுக்கள் ஒழிந்து முதுமை விலகுமாம். பேசுவோர் முழங்குகின்றனர், கேட்போர் தலையசைக்கின்றனர். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எழுபது வயதுப் பெரியவரோ, மருத்துவர் விடுத்த எச்சரிக்கையை அக்கணமே மறந்துவிடுகின்றார். இப்பேச்சு அறிவியலுக்கு அநீதி, மார்க்கத்துக்கும் அநீதி, முதியோருக்கோ பேராபத்து!

உண்மை யாது? 2016இல் நோபல் பரிசு பெற்ற யோஷினோரி ஓசுமி ஆராய்ந்தது, ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை. உணவின்றி வாடும் உயிரணு தன் பகுதிகளைத் தானே செரித்துப் புதுப்பித்துக்கொள்ளும் முறையையும், அதற்குரிய மரபணுக்களையும் அவர் கண்டறிந்தார். அரிய சாதனைதான்; ஐயமில்லை. ஆனால் எந்த முதியவரையும் பட்டினி போட்டு அவர் இளைஞராக்கிக் காட்டவில்லை. ஈஸ்ட்டிலிருந்து பாட்டனாருக்கு ஒரே தாவலாகத் தாவுவது ஆராய்ச்சியன்று, ஆர்வ மிகுதி.

மனிதரிடத்தில் கண்டதென்ன? 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 116 பேர் பங்குகொண்டனர். ஒரு பிரிவினர் 12 வாரங்கள் நாள்தோறும் 8 மணி நேரத்துக்குள் மட்டும் உண்டனர். எஞ்சிய 16 மணி நேரமும் உணவைத் தவிர்த்தனர். மூவேளை உண்டோரைவிட இவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறைந்துவிடவில்லை. நேரில் அளந்து பார்க்கப்பட்டோரிடம் குறைந்த எடையிலும் பாதிக்கு மேல் கொழுப்பன்று. தசை உள்ளிட்ட கொழுப்பற்ற பகுதியே. அவர்களுள் 64 வயதைக் கடந்தவர் ஒருவருமில்லை என்பதையும் கருதுக.

இளைஞன் இழந்த தசையை மீட்டுக்கொள்வான். முதியவருக்கு அது எளிதன்று. தசை தேய்ந்தால் நடை தளரும். நடை தளர்ந்தால் வீழ்ச்சி. வீழ்ந்தால் இடுப்பெலும்பு முறிவு. ஆகவேதான் 65 வயதைக் கடந்தோர் தம் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நாள்தோறும் புரதம் உண்ண வேண்டுமென 2013இல் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று பரிந்துரைத்தது. பருத்த உடலினர் மருத்துவரின் கண்காணிப்பில் உணவு நேரத்தைச் சுருக்கிப் பயன்பெறலாம். அதை நாம் மறுக்கவில்லை. மெலிந்து தளர்ந்தவருக்கும் அதுவே மருந்து என்பதைத்தான் மறுக்கின்றோம்.

மேலும், அந்த 16 மணி நேரப் பட்டினியில் தண்ணீர் அருந்தலாம். நம் நோன்பில் அதற்கும் இடமில்லை. முதுமையிலோ தாக உணர்வே மங்கிவிடுகின்றது. நீரிழிவும் சேர்ந்தால்? 2001இல் 13 நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளரிடம் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நோயாளரிடையே இரத்தச் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்துபோகும் நிகழ்வு ரமளானில் ஏழரை மடங்காக உயர்ந்தது. இதையும் மேடையில் சொல்ல வேண்டாமா?

நோயாளிக்கும் பயணிக்கும் பிறிதொரு காலத்தில் நோற்கச் சலுகையும், நோற்க இயலாதவருக்கு ஏழையொருவருக்கு உணவளிக்கும் பித்யாவும் வழங்கியது திருமறை. அண்ணலாரின் பணியாளராய் வாழ்ந்த அனஸ் (ரலி) அவர்கள், முதுமையில் நோன்பை விட்டு, நாள்தோறும் ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் அளித்தார்கள். அன்னாரைவிட நாம் பேணுதலில் மிக்கவர்களோ?

நோன்பு இறைவனுக்கான வணக்கம். அதற்கு ஆய்வுக்கூடத்தின் நற்சான்று எதற்கு? இளமைக்காக நோற்பவன், நாளை ஆய்வின் முடிவு மாறினால் நோன்பையும் கைவிடுவானன்றோ!

ஆதலின், பேசுவோர் ஈஸ்ட்டின் கதையை நிறுத்திப் பித்யாவின் சட்டத்தைப் பேசட்டும். பிள்ளைகள் ஷஃபானிலேயே பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். நோற்கலாகாது என அவர் சொன்னால், பெரியவரை நாணச் செய்யாமல், ஏழைக்கு வைக்கும் சோற்றை அவர் கையாலேயே பரிமாறச் செய்யட்டும். அவருக்கு இறைவன் விதித்த வழி அதுவே.